தலைமாட்டில் நிற்க ஓர் இடம்

அன்புள்ள என்ஜினியரம்மாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீயும் உன் ஆலையும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்தது. நான்கே வரி. கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலையில் இன்னும் இரண்டு வருடம் தலைமைப் பொறுப்பில் இருக்கச் சொல்கிறார்கள், இருக்கட்டுமா, திரும்பி வரட்டுமா என்று முன்பு கேட்டிருந்தாய். 'உன் இஷ்டம்' என்று பதில் போட்டேன். அதற்குத்தான் இந்த நான்கு வரி. 'உன் இஷ்டம்னா என்னடா அர்த்தம்? போன்ல கேட்டா மழுப்புவ. எழுதி அனுப்பு. மாசக் கடைசிக்குள்ள அவங்களுக்கு நான் பதில் சொல்லணும்.'

எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுத்துக்கொள்.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டக் கூடாது என்று குழாய்க்காரரிடம் சொன்னேன். இப்போது சொட்டவில்லை. திறக்கவும் முடியவில்லை. அவர் மேல் தப்பில்லை. சொன்னதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

உன் அம்மா பேசினார். 'மாப்பிள்ளை, நீங்க ஒரு வார்த்தை வான்னு சொன்னா வந்துடுவா' என்றார். அவள் இஷ்டம் அத்தை என்றேன். 'அவளக் கேட்டா அவர் இஷ்டம்ங்கறா. உங்க ரெண்டு பேரையும் ஒரு ரூம்ல போட்டுப் பூட்டணும்' என்று போனை வைத்துவிட்டார். பூட்டினால் நன்றாகத்தான் இருக்கும்.

அலுவலகத்தில் இப்போது ஓர் ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் செய்யும் வேலை. வாடிக்கையாளர் கேட்பதை, சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியங்களாக எழுதித் தருகிற என் வேலையை 'வாக்கியத் தச்சு' என்று கேலி செய்வாயே, அந்தத் தச்சுக்கு வந்த சோதனை இது. அவர்கள் அனுப்பிய தாளில் ஒரு வரி: 'நோயாளியின் கட்டில் தாராளமாக நுழைய வேண்டும்.'

தாராளம் என்றால் எவ்வளவு என்று ஆஸ்பத்திரி என்ஜினியரைக் கேட்டேன். 'அதெல்லாம் தெரிஞ்சவங்க நீங்கதானே தம்பி. உங்க இஷ்டம்' என்றார்.

எங்கள் வடிவமைப்பாளனுக்கு ஒரே குஷி. மில்லிமீட்டர் என்று நாங்கள் கூப்பிடுவோமே, அவனுக்குத்தான். கட்டிலைச் சுற்றி ஒரு சாண் விட்டு வரைந்துவிட்டான். 'இதுக்கு மேல தாராளம் வேணும்னா உள்ள ஊஞ்சல்தான் கட்டணும்' என்றான். அடுத்த வாரம் தகடு வெட்டப் போகிறார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் லிஃப்டைச் சுற்றிச் சுவர் எழுப்பப் போகிறார்கள். அதன் பிறகு ஒரு விரல்கூட அகலப்படுத்த முடியாது.

எனக்கு மனது கேட்கவில்லை. தரையில் அந்த அளவுக்கு டேப் ஒட்டினேன். பண்டக அறையிலிருந்து கட்டில் நீளத்துக்கு ஒரு சாமான் வண்டி. அதில் மில்லிமீட்டர் நோயாளியாகப் படுத்தான். கண்களை மூடி, 'என் நாற்காலிய யாருக்கும் குடுத்துடாதீங்க' என்று முனகினான். கணக்குப் பிரிவு அக்கா ஒரு தண்ணீர் பாட்டிலை டிரிப்ஸ் மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து ஒரு நூல், அவன் மணிக்கட்டு வரை. நான் தள்ளினேன்.

வண்டி தாராளமாக நுழைந்தது.

அக்கா வெளியே நின்றார். நானும் வெளியே. கதவு மூடவேண்டிய கோட்டுக்குக் குறுக்கே நூல் விறைத்து நின்றது.

மில்லிமீட்டர் ஒரு கண்ணைத் திறந்தான். 'என்ன, என்னைத் தனியாவா அனுப்பறீங்க?'

சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் முதலிலிருந்து வரைய உட்கார்ந்தான்.

அகலம் எவ்வளவு போடலாம் என்று மேலாளர் கேட்டார். எண்ணைப் பிறகு பார்ப்போம், என்ன வேண்டும் என்பதை முதலில் எழுதுவோம் என்றேன். எழுதினோம்: 'கட்டிலில் இருப்பவரும், அவர் தலைமாட்டில் நிற்பவரும் பிரியாமல் ஒரே தடவையில் மேலே போக வேண்டும்.' அப்புறம் எண்கள் தானாக வந்தன. ஆஸ்பத்திரி என்ஜினியர் படித்துவிட்டு, 'இதைத்தானே நான் அப்பவே சொன்னேன்' என்றார். நான் சண்டைக்குப் போகவில்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். 'உங்க இஷ்டம்.' கேட்க எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறது. தப்பாகப் போனால் பழி உங்களுடையது என்பதுதான் உள்ளே இருப்பது.

உனக்கு நான் எழுதியதும் அதுதான். நீ வரவேண்டும் என்று இருந்தது. ஆனால் நான் கேட்டு நீ வந்ததாக இருக்கக் கூடாது. வந்தால் உன் முடிவு. வராவிட்டாலும் உன் முடிவு. நடுவில் நான் நல்லவன்.

சரி. சுற்றியது போதும்.

முதல் தண்ணீர் வந்த அன்று நீ அனுப்பிய கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஒரு டம்ளர் தண்ணீரைப் பற்றி மூன்று பக்கம். அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆலையில் இரு. இரண்டு வருடமும் இரு. இதில் மழுப்பல் இல்லை.

எனக்கு என்ன வேண்டும்? அதையும் எழுதிப் பார்த்தேன். நாம் இருவரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் வந்தது. எந்த ஊர் என்று அதில் எங்குமே இல்லை.

மேலாளரிடம் கேட்டேன். 'வாக்கியம் எழுத மேஜை எங்க இருந்தா என்ன? ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து முகத்தக் காட்டிட்டுப் போ' என்றார். மில்லிமீட்டர் இப்போதே என் ஜன்னலோர இடத்துக்குத் துண்டு போட்டுவிட்டான். உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

நான் அங்கே வரட்டுமா?

அங்கே உனக்கு ஒரு வாழ்க்கை பழகியிருக்கும். தனியாகக் காலையில் நடப்பது. யாருக்கும் பதில் சொல்லாமல் சாப்பிடுவது. அதில் நான் இடைஞ்சல் என்றால் அதையும் சொல். எனக்குத் தெரிய வேண்டும்.

வெயிலில் ஹெல்மெட்டைக் கழற்றாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

வா என்பதானால் ஒரு வரி போதும். வேண்டாம் என்பதானால் நீளமாக எழுது. படித்து முடிக்க எனக்கு நேரம் பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
பெட்டியை இன்னும் பரணிலிருந்து இறக்காத
உன் வீட்டுக்காரன்