முதல் பக்கத்துக் குத்துவிளக்கு

12.6.98, வெள்ளி

இன்று பாண்டி பஜார் ஸ்டூடியோவில், கம்ப்யூட்டரில் ஒரு கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கம் போட்டேன். மாப்பிள்ளையின் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து, படத்தில் பெண்ணின் தாயைக் காட்டினாள்.

"தாலியறுத்தவ முதல் பக்கத்துல எதுக்கு? அவ மேல குத்துவிளக்கு படத்த வையி."

விளக்கை இம்மி இம்மியாய் நகர்த்தி, சேலை நுனிகூடத் தெரியாமல் மறைத்தேன். "யக்கா, பூதக்கண்ணாடி வெச்சாலும் இனி அந்தம்மா ஆப்புடாது" என்றேன். சிரித்தாள்.

சாயங்காலம் அந்தத் தாயே வந்து திரையைப் பார்த்தாள்.

"நைனா, என் பொண்ணு பக்கத்துல நின்னேனே, நான் எங்க?"

"வெளக்குக்குப் பின்னால ஒளிஞ்சுகினு கீற."

அவளும் சிரித்தாள். முந்தானையால் திரையைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

விளக்கை எடுக்க ஒரு தட்டு போதும். கை மவுசின் மேல்தான் இருந்தது.