தடமே இல்லை என்று சொன்னேன்

என் அன்புக்குரிய அப்பாவுக்கு,

நீங்கள் இருந்தபோது உங்களுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. போனில் "சாப்டீங்களா" என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடும். நீங்கள் போய் இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன் என்றால், ஏதோ தப்பு செய்துவிட்டு வந்து நிற்கிறான் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆமாம் அப்பா, செய்துவிட்டேன்.

நம் டவுன் கொல்லிமலை அடிவாரத்தை நோக்கி வளர்ந்துகொண்டே வருகிறது. பக்கத்து விவசாயக் காடுகளெல்லாம் வீட்டு சைட்டாகி, கலர் அடித்த கல் நட்டாகிவிட்டது. இப்போது டவுனிலிருந்து அடிவாரம் வரை, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும் ஒரு பாதை போடப்போகிறார்கள். அதைக் கேட்டு மனு எழுதியவனே நான்தான். சிரிக்காதீர்கள். சர்க்கரை வந்து டாக்டர் மிரட்டியதில் சைக்கிள் வாங்கினேன், ஹெல்மெட் வாங்கினேன், சைக்கிள் சங்கத்துக்குச் செயலாளரும் ஆகிவிட்டேன். மைக் கிடைத்தால் போதும், "பாதை எல்லாருக்கும் பொது" என்று முழங்குவேன்.

அப்புறம் வரைபடம் வந்தது. பச்சைக் கோடு நேராக நம் காட்டின் நடுவில், நீங்கள் விட்ட தடத்தின் மேலேயே ஓடியது.

அந்தத் தடம் எப்படி வந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அடிவாரத் தெருக்காரர்கள் டவுன் வேலைக்குப் போக நம் வரப்பில்தான் நடப்பார்கள். ஒருநாள் பலாப்பழத்தைத் தலையில் வைத்து வந்த பழனியம்மா அக்கா, எதிரே வந்த சைக்கிளுக்கு ஒதுங்கப்போய் கிழங்குக் காட்டுக்குள் விழுந்தார். மறுநாள் நீங்கள் ஒரு சால் மரவள்ளிக் குச்சிக்கிழங்கைப் பிடுங்கிவிட்டு வரப்பை அகலமாக்கினீர்கள். நான் சண்டைக்கு வந்தேன். "தலையில சுமை வெச்சிருக்கறவங்க எங்க கண்ணு ஒதுங்குவாங்க?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

கோட்டைப் பார்த்ததும் என் புத்தி வேறு பக்கம் போனது. நடுவில் பாதை ஓடினால் நிலம் இரண்டு துண்டாகிவிடும், நாளைக்கு சைட் போட்டால் யார் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டேன். உங்கள் வேர்வை விழுந்த மண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே வேறு சொல்லிக்கொண்டேன்.

கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. இன்ஜினியர் ஒரு சின்னப் பெண். "இங்க ஏற்கெனவே ஜனங்க நடக்கற தடம் இருந்தா, அது மேலயே போட்டுடலாங்க. இல்லேன்னா லாரி ரோட்டோரமாத்தான் சுத்திக் கொண்டுபோகணும்" என்றார்.

நான் எழுந்தேன். "தடமே இல்லீங்க. அது எங்க பட்டாக் காடுங்க" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை அப்பா.

இன்ஜினியர் பின்வரிசையைப் பார்த்தார். அங்கே பழனியம்மா அக்கா உட்கார்ந்திருந்தார். மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து அடிவாரத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதல் அந்தத் தடத்தில் நடக்கிறவர். அன்றைக்கும் கட்டட வேலை முடிந்து, கையில் ஒட்டிய சிமெண்டோடு வந்திருந்தார். "ஏம்மா, நீங்க அந்த வழியா போறதில்லையா?" என்று இன்ஜினியர் அவரைக் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "இல்லீங்க மேடம், நாங்க ரோட்டு மேலதானுங்க போவோம்" என்றார்.

வாசலில் அவரைப் பிடித்துவிட்டேன். "ஏனுங்க அக்கா அப்படிச் சொன்னீங்க?"

"உங்கப்பாரு எங்களுக்கு வழி விட்டவருங்க. அவரு மகனை நாலு பேரு முன்னாடி பொய்யன்னு நான் சொல்றதுங்களா சாமி?" என்றார். கோபமே இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அதோடு முடிந்ததா? மறுநாள் காலையிலிருந்து தெருவில் ஒருவரும் நம் தடத்தில் கால் வைக்கவில்லை. ரோட்டு மேல் போவோம் என்று அக்கா சபையில் சொன்ன சொல்லைக் காப்பாற்ற, எல்லோரும் லாரி ரோட்டிலேயே போகிறார்கள். என் பொய்யை நிஜமாக்கிக் காட்ட இத்தனை பேர் சுற்றி நடக்கிறார்கள். போன வாரம் லாரிக்கு ஒதுங்கிய பழனியம்மா அக்காவின் வீட்டுக்காரர் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்து முழங்கை பெயர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தால், "வழுக்கிருச்சுங்க" என்று என்னிடமே சொல்கிறார். நான் என்ன செய்வேன்?

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். தடத்தில் போங்கள் என்று கெஞ்சினேன். அடுத்த கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்கா யோசித்துவிட்டுக் கேட்டார்: "நீங்க உண்மையச் சொன்னா, அன்னிக்குப் பொய் சொன்னது நான்னு ஆயிருமுங்களே சாமி?"

என் மானத்தைக் காப்பாற்றியவரின் மானம் இப்போது என் கையில் இருக்கிறது. இதை நான் யோசிக்கவே இல்லை. உங்களுக்கு உடனே தோன்றியிருக்கும், இல்லையா?

அதனால்தான் இந்தக் கடிதத்தை உங்கள் படத்துக்குப் பின்னால் செருகி வைக்காமல், ஊரார் படிக்கட்டும் என்று வெளியே விடுகிறேன். படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: பொய் என்னுடையது. பழனியம்மா அக்கா அதைச் சுமந்தார், அவ்வளவுதான். புதன்கிழமை கூட்டத்தில் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்பேன். அதன் பிறகுதான் பாதையைப் பற்றிப் பேசுவேன். கோடு நம் காட்டின் நடுவிலேயே போகட்டும் என்று கையெழுத்தும் போடுவேன்.

அதற்குப் பிறகும் அவர்கள் நம் காட்டுக்குள் வருவார்களா என்று தெரியவில்லை. வராவிட்டால் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன் அப்பா. அவர்கள் ரோட்டில் போகும் ஒவ்வொரு காலையும் நானும் கூடவே நடப்பேன், லாரி வருகிற பக்கத்தில்.

இன்னும் தலை நிமிராத,
உங்கள் மூத்த மகன்