அறுபது எழுத்துக்குள் விழுந்த சுவர்

இன்று காலை செம்பூர் ஆபீசில் என் மேஜைமேல் ஒரு டேப்லெட்டை வைத்தார்கள். மஞ்சள் ரப்பர் உறை. பிரித்ததும் புது ரப்பர் வாடை அறை முழுக்க அடித்தது. "இனிமே சைட்ல நின்னபடியே எல்லாத்தையும் பதியலாம் மேடம். நெட்வொர்க் இல்லாட்டியும் எழுதி வைக்கலாம், வந்ததும் தானாப் போயிடும்" என்று மென்பொருள் கம்பெனிக்காரர் இந்தியில் விளக்கிவிட்டு, நான் பாராட்டுவேன் என்று காத்திருந்தார்.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது. ஆறு வருஷம் இதைக் கேட்டுக் கேட்டு என் காதைப் புண்ணாக்கியவள் நீ. வந்து சேர்ந்த நாளில் நீ இல்லை. இது என்ன நியாயம்?

நாம் இருவரும் இந்தக் கட்டுமானக் கம்பெனியில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். தாராவியிலிருந்து நீ, மாட்டுங்காவிலிருந்து நான். சைட் என்ஜினியராக உன்னை நெருளுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் போடும் வேலைக்கு என்னைச் செம்பூரில் ஏசிக்குக் கீழே உட்கார வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ் சர்க்கிளில் காபி குடிக்கும்போது மட்டும் நாம் சிநேகிதிகள். மற்ற ஆறு நாளும் சண்டைக்காரிகள்.

சண்டைக்குக் காரணம் அந்த மென்பொருள். எந்த சைட்டில் எத்தனை ஆள், எவ்வளவு கான்கிரீட், எது தாமதம் எல்லாம் அதில் ஏற வேண்டும். ஆனால் அது குடியிருந்தது என் ஆபீஸ் கம்ப்யூட்டரில். நெருளிலிருந்து அதற்குள் நுழைய மூன்று பாஸ்வேர்டு. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. ஐந்து நிமிஷம் கை எடுத்தால் வெளியே தள்ளிவிடும். சிக்னலுக்காக நீ மூன்றாம் மாடித் தளத்தின் ஓரத்தில் போய் நிற்பாய். சரியாக நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது உன் போன் வரும்.

"ஏட்டி, மறுபடியும் வெளிய தள்ளிட்டு. நான் சொல்லுதேன், நீயே அடிச்சிரு. கம்பி கட்டுத ஆளு பதினாலு."

"நாலா, பதினாலா?"

"பதினாலுட்டி! பத்தும் நாலும்!"

பின்னால் கான்கிரீட் மிக்சரின் இரைச்சல். என் தயிர்சாதம் காய்ந்துகொண்டிருக்கும்.

அதைவிடப் பெரிய சண்டை ரிப்போர்ட்டைப் பற்றி. வேலை நின்றால் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் தேர்ந்தெடுக்க மூன்றே வழி: ஆள் இல்லை, பொருள் வரவில்லை, பிற. "'பிற'ன்னு போட்டா நான் சும்மா கையக் கட்டிட்டு நின்னேன்னுதான் அர்த்தம். ஆபத்துன்னு நிறுத்தினா அத எங்கன எழுத? யாரு நிறுத்தினா, என்னத்தப் பாத்து நிறுத்தினா, போட்டோ, இம்புட்டும் வாரமாரி ஒரு ரிப்போர்ட் செஞ்சு குடு" என்று கேட்பாய். நான் மென்பொருள் கம்பெனிக்கு எழுதுவேன். 'அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம்' என்று பதில் வரும். அடுத்த வெர்ஷனும் வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. பொத்தான்களின் நிறம்தான் மாறியிருந்தது.

ஒரு நாள் பொறுமை போய், "எனக்கு இன்னும் நாலு சைட் இருக்கு, உன் ஒருத்திக்காக உக்காந்திருக்கேனா?" என்று கத்திவிட்டேன். "அந்த நாலு சைட்லயும் மண்ணு சரியாமலா இருக்கும்ட்டி?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

அந்த ஜூலை வந்தது. நெருளில் அஸ்திவாரப் பள்ளம் இரண்டு மாடி ஆழத்துக்குத் தோண்டியிருந்தது. மேற்குப் பக்கத் தடுப்புச் சுவரை ஒட்டி, மேலே தொழிலாளர்களின் தகரக் கொட்டகைகள். நான்கு நாள் விடாத மழை. சுவரின் இடுக்கில் கசிந்த தண்ணீர் மதியத்துக்கு மேல் மண் நிறமாக மாறியதை நீ பார்த்தாய். தெளிந்த தண்ணீர் கசிந்தால் பம்பு போதும், கலங்கி வந்தால் சுவருக்குப் பின்னால் மண் கரைகிறது என்று அர்த்தம். உடனே வேலையை நிறுத்தினாய். கொட்டகையில் இருந்த முப்பத்தொரு பேரையும், சமைத்துக்கொண்டிருந்த பெண்கள், பிள்ளைகள் உட்பட, கட்டி முடித்த பக்கத்துக் கட்டடத்தின் தரைத்தளத்துக்கு மாற்றினாய். பிறகு அதைப் பதிய முயன்றாய். 'வேலை நிறுத்தம், காரணம்: பிற' என்பது வரை ஏறியது. அதற்குள் வெளியே தள்ளிவிட்டது.

எனக்குப் போன் செய்தாய். திரையில் உன் பெயரைப் பார்த்தேன். 'ஆரம்பிச்சுட்டாள்' என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். மூன்று முறை.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பெரிய திரையில் நெருள் சைட்டின் வரி, தாமதம் என்று சிவப்பாக நின்றது. நம் திட்டத் தலைவர் குல்கர்னி சார் உன்னை ஸ்பீக்கரில் கூப்பிட்டு, மதியத்துக்குள் ஆட்களைப் பள்ளத்தில் இறக்கச் சொன்னார். தண்ணீர் மண்ணோடு வருகிறது என்றாய். "அது சிஸ்டத்துல எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

நீ ரயிலேறி வந்தாய். செம்பூர் ஸ்டேஷனிலிருந்து நனைந்தபடி நடந்து வந்து, சேற்றுப் பூட்ஸோடு என் நாற்காலியில் உட்கார்ந்து, குறிப்பு என்ற கட்டத்தில் அடிக்க ஆரம்பித்தாய். பாதி வாக்கியத்தில் அது நின்றுவிட்டது. அறுபது எழுத்துக்கு மேல் ஏற்காது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

"அறுபது எழுத்துக்குள்ள ஒரு சுவரு எப்படிட்டி விழும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாய். குல்கர்னி சார் வாசலில் நின்றார். உன் போனிலிருந்த படங்களை அவர் முன் நீட்டினாய். "ஆளுங்க இறங்க மாட்டாங்க சார். வேணும்னா என்னை மாத்துங்க" என்று இந்தியில் சொன்னாய். படத்தைப் பார்க்காமலே மாற்றினார். அன்று மாலையே உனக்குக் கோபர்கைரனே சைட்டுக்கு மாற்றல் உத்தரவு.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குச் சுவர் விழுந்தது. கொட்டகைகள் மொத்தமும் பள்ளத்தில். அடுப்புகளும் டிரங்குப் பெட்டிகளும் போயின. நீ மாற்றி வைத்த ஆட்கள் இன்னும் பக்கத்துக் கட்டடத்தில்தான் இருந்தார்கள். ஒரு மனிதர்கூடப் போகவில்லை.

நம் கம்பெனி ஆவணத்தில் 'கனமழையால் சேதம்' என்று எழுதினார்கள். உன் பெயர் ஒரே இடத்தில்தான் இருந்தது: தாமதம், காரணம் பிற, சிவப்பு. வருஷ மதிப்பீட்டில் அந்தச் சிவப்பைக் காட்டி உன் பதவி உயர்வை நிறுத்தினார்கள். நான் எழுந்து பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்த ஞாயிறு காபியில் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போன வருஷம், தாராவி வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் சுருண்டு விழுந்தாய். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதும் என் மனசில் அந்தச் சிவப்பு வரிதான் ஓடியது.

அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. சைட்டிலிருந்து நுழைய வழியும், நீ கேட்ட ரிப்போர்ட்டும் வராமல் இந்த மென்பொருள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்தேன். எட்டு மாதம் இழுத்தார்கள்.

இன்று அந்த மென்பொருள் கம்பெனிக்காரர் டேப்லெட்டைக் காட்டி முடித்ததும், "ஒரு பழைய பதிவு போடணும்" என்றேன். கணக்கு மூடிய பழைய மாதத்தைத் திறக்க முடியாது என்றார். ஒரு மணி நேரம் வாதாடினேன். தன் மேலதிகாரியிடம் கேட்டுக் கடைசியில் திறந்தார். நிறுத்தியவர் என்ற இடத்தில் உன் பெயர். காரணம் என்ற இடத்தில் தண்ணீரின் நிறம், கொட்டகைகள், முப்பத்தொரு பேர், நீ எனக்கு அனுப்பியிருந்த படங்கள். எழுத எழுத இடம் கொடுத்துக்கொண்டே இருந்தது.

குல்கர்னி சார் வந்து என் தோளுக்கு மேலாகப் படித்தார். முழுவதும் படித்தார். "அன்னைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார்.

"சொன்னாள் சார். நீங்க இதே வாசல்லதான் நின்னீங்க. நான் இதோ இங்கே நின்னேன்."

அவர் தன் அறைக்குப் போய்விட்டார். நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. ஒரு வரியைத் திருத்த இத்தனை வருஷமா என்ற எரிச்சல்தான் வந்தது, அதில் பாதி என்மேல்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். கோபம் வந்தால் என் மாட்டுங்காப் பேச்சு இப்போதெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது. மாதத்தைத் திறக்க முடியாது என்று அவர் மூன்றாம் தடவை சொன்னபோது, "என்னத்துக்கு முடியாதுங்கியரு? தெறந்துதாம் பாருமே வே!" என்று கத்திவிட்டேன். அப்படியே உன் குரல். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. திறந்துவிட்டார்.