கஞ்சி போட்ட கான்வாஸ்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

மதியம் மழை பிடித்துக்கொண்டது. பட்டாளத்துக்கு நாங்கள் தைத்துக்கொடுக்கும் முதுகுப்பைகளில் ஒன்று பட்டறை வாசலில் நனைந்து கிடந்தது. எடுத்தேன். கை வழவழத்தது. புளியங்கொட்டைக் கஞ்சி வாடை. பிழிந்து பார்த்தால் கான்வாஸே இல்லை, வெறும் காடாத் துணி. இழுத்ததும் வார் துணியோடு கிழிந்து கையில் வந்துவிட்டது.

துணி வாங்குவது அக்காள் புருஷன் சவரிமுத்து மச்சான். மடித்துப் பார்த்து, விறைப்பாக இருந்தால் தேறியது என்று முத்திரை குத்துவது நான். அந்த விறைப்பே கஞ்சிதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேரே போய்க் கேட்டேன். மச்சான் பதறக்கூட இல்லை.

"காஞ்சு கிடக்குற வரைக்கும் ஒண்ணும் தெரியாது மாப்ள. கிழிஞ்சா பட்டாளத்துக்காரன் நம்ம திண்டுக்கல்லுக்கா தேடி வரப்போறான்?"

"என் தம்பி சேவியரும் பட்டாளத்துலதான மச்சான் இருக்கான்?"

"அவன மறப்பேனா? லீவுல வந்தா குடுக்கணும்னு அசல் கான்வாசுல ஒண்ணு தனியாத் தச்சு வச்சிருக்கேன்."

எடுத்துக் காட்டினார். நல்ல பைதான். அதைக் காட்டினால் நான் அடங்கிவிடுவேன் என்று நினைத்திருக்கிறார்.

பையைப் பார்த்ததும் ஒரு நொடி என் மனசு ஆறியது. அதைத்தான் தாங்க முடியவில்லை.