மதினியும் நானும் சேர்ந்து போட்ட கணக்கு

பங்குனி, திங்கள்

காலையிலேயே சுள்ளுன்னு வெயில். மதினிகூட மாட்டு வண்டியில கம்பம் போனேன். பேங்குல கூட்டுக் கணக்கு தொடங்கியாச்சு. மதினி கைநாட்டு, நான் கையெழுத்து.

அண்ணன் செத்ததுலருந்து பருத்திப் பணம் சித்தப்பா கணக்கு வழியாத்தான் வந்துச்சு. பாதி அங்கனயே நின்னுரும். இந்த வருசம் மதினி ஒரே பிடி, நம்ம பேர்லயே வரட்டும்னு.

என் பேர் எதுக்குன்னு கேட்டேன். புருசன் வீட்டுலருந்து திரும்பி வந்தவளுக்கு நெலத்துல பங்கு இல்லங்கறது ஊருக்கே தெரியும்.

"பருத்தி எடுக்கயில ஓம் முதுகுந்தான வலிச்சுச்சு?"



மதுரை மில்காரர் குடுத்த செக்கைப் போட்டோம். பாஸ்புக்குல தொகை ஏறிருச்சு. கொஞ்சம் எடுத்துக்கிறோம்னு கேட்டதுக்கு பேங்கு ஏஜெண்டு (மேனேஜர்தான்), "புதுக் கணக்கும்மா. செக்கு மதுரை போயி பணமாகி வரணும். அதுவரைக்கும் தொட முடியாது" ன்னாரு. பேங்கோட விதியாம். பொறுமையா ரெண்டு தடவ சொன்னாரு. நல்ல மனுசன்.

புதன்

தோட்டத்துல வெட்டிக்கிட்டிருக்க கெணத்துல பாறை. நாள் முழுக்க வெடிச் சத்தம். தலைவலி.

வாங்க: சீயக்காய், துவரம்பருப்பு, விளக்குத் திரி. (காசு?)

வெட்டுற ஆளுகளுக்குச் சனிக்கிழம கூலி. குடுக்கலைன்னா எஸ்டேட் வேலைக்கு மலையேறிருவாக. கெணறு பாதியில நின்னா வாழை கருகிரும். மதினிகிட்டச் சொன்னேன். "தெரியும்" மட்டும்.

வெள்ளி

சித்தப்பா வந்தாரு. மதினிகிட்ட: "ஏஜெண்டு எனக்கு வேண்டியவரு. நான் பொறுப்புன்னா இன்னைக்கே பணம் தருவாரு. இந்தப் புள்ள பேர எடுத்துட்டு எம் பேரப் போடு."

நான் அடுப்படியில. சோறு குழைஞ்சது தெரியல. நானே போயி எடுத்துருங்க மதினின்னு சொல்லிருவமான்னு இருந்துச்சு.

மதினி சத்தமே ஒசத்தல. "பேரு அப்படியே இருக்கட்டும் மாமா. மோர் குடிச்சிட்டுப் போங்க."

சித்தப்பா மோர் குடிக்கல.

சனி

மதினி நேரா கெணத்தடிக்கே போயிட்டாக. எல்லாரையும் மேல கூப்பிட்டு, ஒளிவுமறைவே இல்லாம:

"பணம் இன்னும் மதுரையிலருந்து வரல. வந்த அன்னைக்கே முழுக் கூலி. அதுவரைக்கும் வீட்டு நெல்ல அளக்கேன், கூலியில கழிக்க மாட்டேன். இருக்கவக இருங்க."

மேஸ்திரி பொண்டாட்டி விடல. "வராமயே போச்சுன்னா, ஆத்தா?"

"எந் தொழுவத்துப் பசுவ அவுத்துட்டுப் போ."

எல்லாரும் சிரிச்சுட்டாக. ஒருத்தரும் போகல. அளந்தோம், நெல்லுக் குலுக்கையில விதைநெல்லு மட்டும் மிச்சம். பத்துப் பேரு முன்னால நின்னு இல்லைங்கறத இவ்வளவு தெளிவாச் சொல்ல எனக்கு இந்தச் சென்மத்துல வராது. படிச்சதெல்லாம் என்னத்துக்கோ.

செவ்வாய்

லேசாத் தூறல். பேங்கு ஆள் வந்து சொன்னான், செக்கு பணமாயிருச்சாம்! ஒடனே கெளம்பினோம்.

ஏஜெண்டு நோட்டுகள மதினி பக்கம் தள்ளினாரு.

"அவ கையில குடுங்க. அவ கணக்குந்தான."

நாந்தான் எண்ணுனேன். ரெண்டு தடவ தப்பு. ஏஜெண்டு வேற பக்கம் பாத்துக்கிட்டாரு.

திரும்பயில பணம் பூராவும் எம் மடியில. மதினி ஒரு தடவகூட அந்தப் பக்கம் பாக்கல. உத்தமபாளையம் வரதுக்குள்ள எந் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாக.