பொறுப்பான நபரின் நாற்காலி

உங்கள் நாற்காலி நேற்று கோவையில் எங்கள் கல்வி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது சார்.

வால்பாறையில் பேருந்தின் கடைசி இருக்கைக்குப் பின்னால் சணல் கயிற்றால் கட்டி ஏற்றியிருக்கிறார்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, பொள்ளாச்சியில் வண்டி மாறி, உக்கடத்தில் ஆட்டோ ஏறி வந்திருக்கிறது. பச்சை நிற பிளாஸ்டிக் நாற்காலி. முன்னங்கால் ஒன்று பாதியில் முறிந்திருக்கிறது. முதுகில் வெள்ளைப் பெயிண்டில், உங்கள் கையெழுத்தில், பள்ளியின் பெயர். என் மேசைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தபோது இருக்கையின் ஓட்டைகளிலிருந்து காய்ந்த மண் உதிர்ந்தது. மண்ணும் தேயிலையும் கலந்த வாசனை. மின்விசிறியைப் போட்டதும் அறை முழுக்கப் பரவியது. விசிறியை நிறுத்திவிட்டேன்.

கூடவே ஒரு படிவம் வந்திருக்கிறது. "கழிவு செய்யப்பட வேண்டிய பொருள்: நாற்காலி, பிளாஸ்டிக், ஒன்று." கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பொருளைக் கண்ணால் பார்க்காமல் அது உடைந்தது என்று எழுதக் கூடாது என்பது விதி. ஆகவே உங்கள் நாற்காலி, தான் உடைந்திருப்பதை நிரூபிக்க ஒரு மலையே இறங்கி வந்திருக்கிறது. உங்கள் பள்ளிச் சுவரை மட்டும் நாங்கள் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அது நன்றாக இருக்கிறது என்று எழுதுவதற்கு அதைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. விதியில் அப்படி எதுவும் சொல்லப்படவில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் மாவட்டத்துப் பெற்றோர்களின் வாட்ஸ்அப்புக்குப் போகும் தகவலை எழுதுகிறவன் நான். மூன்று தலைப்புகள்: கற்றல், உடல்நலம், வளாகப் பாதுகாப்பு. பள்ளிகள் வியாழக்கிழமை அறிக்கை அனுப்பும். பெரும்பாலான பள்ளிகள் முந்தின வாரத் தாளில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பும். நானும் முந்தின வாரத் தகவலில் தேதியை மட்டும் மாற்றி அனுப்புவேன். இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் இவ்வளவு நம்பி நடக்கும் ஏற்பாடு வேறு எந்தத் துறையிலும் இருக்காது.

நீங்கள்தான் அதில் புகுந்து குழப்பினீர்கள். எஸ்டேட் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர், அந்தியூர்க்காரர். ஒவ்வொரு வாரமும் புதிதாக எழுதினீர்கள். பள்ளியில் சிக்னல் கிடையாது. தேயிலைக் கொழுந்து எடை போடும் கொட்டகையைத் தாண்டி, சாலை திரும்பும் இடத்தில் ஒரு பாறை மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு கிடைக்கும். அங்கே நின்று அறிக்கையைப் படம் பிடித்து அனுப்புவீர்கள். அனுப்பிய கையோடு என்னைக் கூப்பிடுவீர்கள்.

"ஏனுங்க சார், வந்துச்சுங்களா? மூணாவது பத்தியைப் படிச்சுப் பாருங்க."

மூன்றாவது பத்தியில் எப்போதும் சுவர்தான் இருக்கும். பள்ளிக்குப் பின்னால், மேட்டிலுள்ள தேயிலைச் சரிவு இறங்கிவிடாமல் தாங்கி நிற்கும் கருங்கல் சுவர். கழிப்பறைக்குப் போக அதை ஒட்டித்தான் ஒற்றையடிப் பாதை, வேறு வழியில்லை. சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த வாரம், வயிறு இன்னும் நாலு விரல் முன்னால் வந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம், கல் இடுக்கில் தண்ணீர் வடிகிறது.

சுவரை இடித்துக் கட்டுங்கள் என்று நீங்கள் எழுதிய கடிதங்களுக்கு எல்லோரும் பதில் போட்டார்கள். நிலம் எஸ்டேட்டுடையது என்றது உள்ளாட்சி. சுவரைக் கட்டியது நாங்கள் இல்லை என்றது எஸ்டேட். எங்கள் பதிவேட்டில் கட்டடம் மட்டுமே உண்டு, சுவர் இல்லை என்று நாங்கள் எழுதினோம். அந்தப் பதிலைத் தட்டச்சு செய்தது நான். மூன்று பதிலும் வந்து சேர்ந்ததால் கோப்பு முடிக்கப்பட்டது.

அன்று பாறை மேல் நின்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எங்கூர் சந்தையில குதிரை வாங்கறவன் மொதல்ல வாயைத் தொறந்து பல்லைப் பாப்பானுங்க. நீங்க ஆபீஸ்ல உக்காந்துட்டே குதிரைக்கு வயசு எழுதறீங்க சார்." சொல்லிவிட்டு, நான் வருத்தப்பட்டுவிடுவேனோ என்று, "தப்பா எடுத்துக்காதீங்க" என்றும் சேர்த்துக்கொண்டீர்கள். நம் கொங்குப் பக்கத்தில் திட்டுகிறவர்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும்.

ஜூனில் பள்ளி திறந்த வாரம் உங்கள் மூன்றாவது பத்தியை அப்படியே தகவலில் சேர்த்து, எங்கள் கண்காணிப்பாளர் அம்மாவிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. டிபன் பாக்ஸில் ஒரு இட்லி கூடுதலாகக் கொண்டுவந்து எனக்கென்று எடுத்து வைக்கிறவர்.

"ஏனுங்க, சுவரு சாயுதுன்னு போட்டா பெத்தவங்க பயந்துக்க மாட்டாங்களா?"

"சாயறது நெசந்தானுங்கம்மா."

"நெசமாத்தான் இருக்கட்டுமுங்க. ஆனா நாம என்ன பண்ணியிருக்கோம்னு கேப்பாங்கல்ல? எதாச்சும் பண்ணுன மாதிரி ஒரு வரி எழுதிப்போடுங்க."

எழுதிப்போட்டேன். "சுவரின் அருகே மாணவர்கள் செல்லும் நேரங்களில் கண்காணிக்கப் பொறுப்பான நபர் ஒருவர் நியமிக்கப்பட்டுள்ளார்." எழுதி முடித்ததும் எனக்கே ஒரு நிம்மதி. யார் அந்த நபர் என்று நான் யோசிக்கவில்லை. அவருக்கு முகம் இல்லை, சம்பளம் இல்லை, தாளில் பிறந்து தாளிலேயே வேலை பார்ப்பவர். அப்படி நூறு பேரை நான் அதற்கு முன்பும் நியமித்திருக்கிறேன். யாரும் வேலையில் சேர்ந்ததில்லை.

உங்கள் பள்ளிப் பெற்றோரில் பாதிப் பேர் ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். தமிழ் படிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு முன்னால் நின்று நீங்கள் என் தகவலை வாசிப்பீர்கள். நான்காம் வகுப்புப் பூனம் அதை இந்தியில் சொல்லுவாள். என் வாக்கியங்களுக்குக் கிடைத்த ஒரே மொழிபெயர்ப்பாளர் அந்தப் பெண்தான். அன்றும் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அம்மா எதையோ கேட்டிருக்கிறார்.

மறுநாள் நீங்கள் என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன்.

"'அம்மா என்ன அம்மணி கேக்கறாங்க?'ன்னேனுங்க. 'அந்தப் பொறுப்பான ஆளு யாருன்னு கேக்கறாங்க சார்'னா. முப்பது பேரு என் மூஞ்சியவே பாக்கறாங்க. இருக்கறது நானும் ஒரு டீச்சரும். டீச்சருக்குக் கைக்குழந்தை. என்னங்க சொல்லட்டும்? 'நான்தான்'னு சொல்லிப்போட்டேன்."

நான் சிரித்தேன் சார். அதை இங்கே எழுதாமல் விட்டால் இதுவும் ஒரு வெள்ளிக்கிழமைத் தகவல் ஆகிவிடும். நன்றாகவே சிரித்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய அரசு வாக்கியம் ஒன்றை, ஒரு மனிதர் உண்மையாக்கியது அதுவே முதல் முறை.

திங்கட்கிழமையிலிருந்து இந்தப் பச்சை நாற்காலி சுவருக்குப் பக்கத்தில் போடப்பட்டது. இடைவேளைகளில் நீங்கள் அதில் உட்கார்ந்து, பாதையின் மறு ஓரமாக ஒவ்வொரு குழந்தையாக அனுப்பினீர்கள். நீங்கள் சுவர்ப் பக்கம், குழந்தை உங்களுக்கு அந்தப் பக்கம். "கண்ணு, ஓடாதீங்க. அம்மணி, நீங்க அடுத்து வாங்க." ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் 'ங்க' போடுகிற உங்களைப் பார்த்து, ஜார்க்கண்ட் குழந்தைகள் ஒன்றையொன்று 'வாங்க போங்க' என்று கூப்பிட்டு அடித்துக்கொள்வதாகச் சொன்னீர்கள்.

இரண்டு வாரம் கழித்து, மழை பிடித்ததும்தான் எனக்கு உறைத்தது.

"சார், நீங்க அங்க உக்காராதீங்க. அந்த வரி நான் சும்மா எழுதினதுங்க."

"தெரியுமுங்க."

"பின்ன எதுக்கு உக்காரறீங்க?"

"பெத்தவங்களுக்குச் சும்மான்னு தெரியாதுங்களே."

"அவங்ககிட்ட எப்படியாச்சும் சொல்லிக்கலாம். நீங்க எந்திரிச்சுப் போயிருங்க சார்."

"சரிங்க" என்றீர்கள்.

நானும் கொங்குநாட்டில்தான் பிறந்தேன். நம் ஊர் 'சரிங்க'வுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், இதற்கு மேல் பேச வேண்டாம், மனம் நோகாமல் பிரிவோம் என்று பொருள். சம்மதம் அதில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் அன்று அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை தேதியை மட்டும் மாற்றினேன். பொறுப்பான நபர் தகவலில் தொடர்ந்தார்.

வால்பாறைக்கு நான்கு நாள் மழை விடுமுறை விட்டார்கள். ஐந்தாம் நாள் நல்ல வெயில். மழையில் நின்ற சுவர் வெயிலில் விழும் என்று கொத்தனார்கள் சொல்வார்கள். அதை அறிக்கையில் எழுதப் படிவத்தில் இடம் இல்லை. காலை இடைவேளை முடிகிற நேரம். கடைசியாக வந்தவள் பூனம். அவளை அனுப்பிவிட்டு எழுந்து, நாற்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினீர்களாம். அவள் வகுப்பு வாசலை அடைவதற்குள் சத்தம் கேட்டதாம்.

அந்த வாரத் தகவலையும் நான்தான் எழுதினேன். கற்றல்: வாசிப்பு இயக்கம் சிறப்பாக நடைபெறுகிறது. உடல்நலம்: மழைக்காலத்தில் காய்ச்சிய நீரைக் குடிக்கவும். வளாகப் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ், சுவர் விழுந்து இறந்தவர் என்று உங்கள் பெயரை எழுதினேன். தாள் மேலதிகாரியிடம் போய்த் திரும்பி வந்தபோது அது அடிக்கப்பட்டு, பச்சை மையில் வேறொன்று எழுதப்பட்டிருந்தது. "பொறுப்பான நபர் முன்கூட்டியே நியமிக்கப்பட்டிருந்ததால் மாணவர்களுக்கு எவ்விதப் பாதிப்பும் ஏற்படவில்லை."

அதில் ஒரு பொய் கூட இல்லை என்பதுதான் சார் என்னைக் கொல்கிறது.

அதோடு முடியவில்லை. ஏற்பாடு பலன் தந்ததாகக் கருதப்பட்டு, பழுதான சுவர் உள்ள எல்லாப் பள்ளிகளிலும் இதைப் பின்பற்றலாம் என்று சுற்றறிக்கை போனது. உங்களைப் போல் ஒருவரை எங்கும் நியமிக்கலாம் என்றாகிவிட்டது. சுவர் கட்டுவதை விட அது எளிது. உங்கள் பள்ளியில் கல் குவியல் அப்படியே கிடக்கிறது. விழுந்துவிட்ட சுவர் இனி விழாது என்பதால், வளாகப் பாதுகாப்பில் இப்போது 'நன்று' என்று வருகிறது.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. அடுத்த மனையில் ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்கு அடுக்குமாடி கட்ட ஆழமாகத் தோண்டியிருக்கிறார்கள். பள்ளியின் சுற்றுச்சுவர் குழியைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை நான் விடுப்பில் இருந்தேன். என் இடத்தில் உட்கார்ந்தவர் பழைய தாளைத் திறந்து, பள்ளியின் பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்பிவிட்டார். பொறுப்பான நபர் அங்கேயும் நியமிக்கப்பட்டுவிட்டார்.

நேற்று உங்கள் நாற்காலி வந்த பிறகுதான் அதைப் பார்த்தேன். உடனே திருத்தம் எழுதினேன். "சென்ற வாரம் குறிப்பிட்ட பொறுப்பான நபர் எவரும் இல்லை. சுவர் விழக்கூடும். அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம்." இருபது வருடத்தில் நான் எழுதிய ஒரே நல்ல தமிழ் அதுதான். மேலே அனுப்பினேன். மதியத்துக்குள் திரும்பி வந்தது. பெற்றோரிடையே அச்சத்தை உண்டாக்கும் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. கண்காணிப்பாளர் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, இட்லி டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

அந்தப் பள்ளிக்குப் போன் செய்தேன். ஓர் ஆசிரியை எடுத்தார். சின்ன வயதுக் குரல்.

"மேடம், உங்க பள்ளியில பொறுப்பான நபர்னு தகவல்ல வந்துச்சுங்களே, யாருங்க அது?"

"நான்தானுங்க சார். பெத்தவங்க எல்லாரும் படிச்சுட்டு வந்து கேட்டாங்க, அதனால நானே நிக்கறேனுங்க. ஆபீஸ்ல இருந்து ஒரு சேர் மட்டும் அனுப்புனீங்கன்னா உக்காந்துக்குவேனுங்க. ரொம்ப நேரம் நின்னா கால் வலிக்குதுங்க."

என் பக்கத்தில் உங்கள் நாற்காலி மூன்று காலில் சாய்ந்து நின்றது.

உங்களைப் பற்றி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன் சார். சுவரை, வெயிலை, பூனத்தை, நான் சிரித்ததை. அந்த வாக்கியம் வெறும் தாள் என்று சொன்னேன். இன்றே கயிறு கட்டி அந்தப் பக்கத்தை மூடச் சொன்னேன். அங்கே நிற்க வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பின்னால் இடைவேளை மணி அடித்தது. குழந்தைகள் ஓடிவரும் சத்தம் போனிலேயே கேட்டது.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.