கடைசித் துளைக்கு மூடி

ஐப்பசி, வெள்ளி இரவு. பெஹாலா, கல்கத்தா.

ஹவுராவில் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த கிளாரினெட் இன்று வந்தது. வலது மோதிர விரல் மரத்துப்போனதிலிருந்து கடைசித் துளையை என்னால் சரியாக அடைக்க முடியவில்லை. அதனால் அந்த ஒரு துளைக்கு மட்டும் மூடி வைத்த கீ போடச் சொல்லியிருந்தேன். கீயின் எந்த மூலையைத் தொட்டாலும் மூடி இறங்கித் துளையை அடைத்துவிடும்.

சாயங்காலம் வாசித்துப் பார்த்தேன். கமகம் போய்விட்டது. திறந்த துளையில் விரலை வழுக்கினால்தான் அது வரும், மூடியில் வராது. ஆனாலும் சுரம் சுத்தமாக நின்றது. அடுக்களையிலிருந்து வசந்தாவின் குரல் கேட்டது.

"அப்பாடா, இப்பத்தான் பழையபடி இருக்கு! வெறும் சுளுக்கு, டாக்டர் வேண்டாம்னு நீங்க சொன்னது சரிதான்."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த வரியிலேயே கீச்சென்று ஒரு சத்தம். வசந்தா கரண்டியோடு வந்து நின்றாள்.

"என்னாச்சு? மூடி சரியா உக்காரலையா?"

குனிந்து பார்த்தேன். மூடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே உள்ள துளைதான் பாதி திறந்து கிடந்தது. நடு விரல் விலகியிருக்கிறது. கண்ணால் பார்க்கும்வரை அது எனக்குத் தெரியவே இல்லை.

"ஆமா, மூடிதான். நாளைக்கு ஹவுராவுக்குத் திரும்ப எடுத்துண்டு போறேன்" என்றேன்.

அவள் தூங்கிவிட்டாள். வலது கை விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்துவிட்டேன். இடது கையைக் கிள்ளிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.